கூத்தும் குறியும்

சிவமயம்

சிவபெருமான் திருக்கூத்தாடுகின்றான் என்கின்றோம். முப்புரங்களை எரித்தான் என்கின்றோம். நஞ்சினை உண்டு மிடற்றில் அடக்கினான் என்கின்றோம். உமையம்மையை ஒரு பாகத்தே கொண்டான் என்கின்றோம். இங்ஙனங் கூறுஞ் சொற்கள் எத்தன்மையன? நிகழ்ந்தவற்றை நிகழ்ந்தவாறே எடுத்துரைக்கும் வரலாற்றுச் சொற்களோ? அன்றி, வேறொரு பொருளை உள்ளே வைத்து மேலே போர்த்த குறிப்புச் சொற்களோ? இவ்வினா கற்றார் அவைகளில் அடிக்கடி எழுகின்றது. விடை கூறுவோர் பெரும்பாலும் இரு திறத்தினராய்ப் பிரிந்து நிற்கின்றனர்.

ஒரு திறத்தார், "இவை யாவுங் குறிப்புக்களே, கூத்தென்பது உலகத்தின் இயக்கம், முப்புரமென்பது மனத்தின் மாசு, நஞ்சென்பது துன்பம். உட்பொருளை உணர்ந்துகொண்டவனுக்கு மேற்போர்வை எதற்கு? கோயிலும் வழிபாடும் அறியாதார்க்கு அமைந்தவை" என்பர். மற்றொரு திறத்தார், "குறிப்பென்று ஒருமுறை கூறிவிடின், கடவுளே பொய்யெனக் கூறியதாய் முடியும். ஆகலின் சொல்லியபடியே கொள்ளல் வேண்டும்; உட்பொருள் தேடுதல் அடாது" என்பர். முன்னவர்பால் அறிவின் செருக்கும், பின்னவர்பால் அன்பின் அச்சமும் காணப்படுகின்றன. இருவரும் மாறுபட்டு நிற்பினும் ஓரிடத்து இருவர்க்கும் உடன்பாடு உண்டு. குறி வேறு, பொருள் வேறு. குறியென்றால் மெய்யிற் குறைந்தது என்பதே அது. இவ்வுடன்பாட்டினைச் சைவசித்தாந்தம் ஒப்புகின்றதா என ஆராய்வதே இக்கட்டுரையின் கருத்து. வறிதே பொதுவிற் பேசின் பொருள் புலப்படாதாகலின், அம்பலவாணர் திருக்கூத்து ஒன்றனையே சிறப்பாக எடுத்துக்கொள்வாம்.

சொல்லின் எல்லை

முதற்கண், சொல் என்பது கடவுளை எட்டுமோ என்பதனைத் தெளிதல் வேண்டும். சித்தாந்த நூல்கள் சொல்லின் பிறப்பினைச் சுத்தமாயையில் வைத்துக் கூறுகின்றன. சூக்குமை, பைசந்தி, மத்திமை, வைகரி என வாக்கு நால்வகைப்படும். செவிக்குப் புலனாகும் வைகரி முதலாக, உள்ளத்தே நுண்ணிதாய் நிற்கும் சூக்குமை ஈறாக நான்கும் மாயையின் விருத்திகளே. மாயையோ சடம். அக்கருவிகளைக் கொண்டு நாம் அறிவனவெல்லாம் 'இது', 'அது' எனச் சுட்டி அறியப்படுவன. அங்ஙனஞ் சுட்டி அறியப்படும் பொருள் தோன்றி நின்று அழியும் இயல்பிற்றாகலின், அஃது அசத்து என்று சிவஞானபோதத்தின் ஆறாஞ் சூத்திரம் உணர்த்துகின்றது. அற்றாயின், எவ்வாற்றானும் அறியப்படாத ஒன்றே கடவுள் எனலாமோ எனின், அதுவும் ஆகாது. எவ்வாற்றானும் அறியப்படாதது முயற்கோடுபோல இல்பொருளாய் முடியும். சுட்டறிவுக்கு எட்டாது, ஆயினும் அருளால் அறியப்படுவது எதுவோ, அதுவே சத்தாகிய சிவம் என்பது மெய்கண்டதேவர் நிறுவிய முடிபு.

இம்முடிபினின்றும் சமயமொழியைப் பற்றி இரண்டு உண்மைகள் பெறப்படும். குடம், ஆடை என்பவற்றைச் சுட்டுதல்போலச் சொல்லானது கடவுளை நேரே சுட்டிக்காட்டிவிடும் என்பது பொருந்தாது. சொல் எட்டாமையின், பேசியனவெல்லாம் பிதற்றலே, வாய்வாளாதிருத்தலே தக்கது என்பதும் பொருந்தாது. இவ்விரண்டிற்கும் இடையே நம் ஆன்றோர் சென்ற நெறி ஒன்றுண்டு.

காரைக்காலம்மையார் திருவாலங்காட்டிலே இறைவன் ஆடலைத் திருவடிக்கீழிருந்து காணும் பேறு பெற்றவர். அவர்தாமே அற்புதத் திருவந்தாதியுள், ஆட்பட்ட அந்நாளினும் நின் திருவுருவைக் கண்டிலேன், இந்நாளினுங் காண்கின்றிலேன், நும்பிரான் எவ்வுருவினன் என்று கேட்பார்க்கு யான் யாது கூறுவேன் என்று இறைவனையே வினவி நிற்கின்றார். அப்பர் பெருமானும் ஆறாந் திருமுறைத் தாண்டகமொன்றில், திருவருளையே கண்ணாகக் கொண்டு காண்பதன்றி, இன்ன தன்மையன், இன்ன நிறத்தன் என்று எழுதிக் காட்டுதல் இயலாதென அறுதியிட்டுரைக்கின்றார். இவ்விருவருமே பிறையையும், பாம்பையும், நீற்றையும், சடையையும் பாட்டுத்தோறும் பாடியவர்கள். சொல்லின் எல்லையை அறியாது அவர் பாடினார் என்றல் கூடுமோ? எல்லையை நன்கு அறிந்தே பாடினர். அறிந்தும் பாடினமைக்குக் காரணம் யாதென்பதே நாம் ஆராயத்தக்கது.

எவ்வகைக் குறி?

இலிங்கம் என்னும் வடசொற்குக் குறி, அடையாளம் என்பது பொருள். நம் சமயத்தின் தலையாய திருமேனிக்கே 'குறி' என்பது பெயராயின், சமயத்திற் குறியுண்டு என்னுங் கொள்கை பிறநாட்டார் நமக்குக் கற்பித்த புதுமை ஆகாது. எனவே குறியோ அன்றோ என்னும் வினாவை விடுத்து, எவ்வகைக் குறி என்று வினாவுதலே முறை.

ஏகான்மவாதிகள் இவ்விடத்து இரண்டு நியாயங்களை எடுத்தாளுவர். பிறையைக் காணாதவனுக்கு, அதோ அம்மரக்கிளையின் நுனியில் உள்ளது என்று காட்டுதல் ஒன்று. அருந்ததி என்னும் நுண்ணிய மீனைக் காட்டப் புகுந்தவன் முதலில் அதனருகே உள்ள பெரிய மீனைக் காட்டிப் பின் அதனை விலக்குதல் மற்றொன்று. இரண்டிலும் காட்டுங் கருவிக்கும் காட்டப்படும் பொருளுக்கும் உறவு யாதுமில்லை. பிறையைக் கண்டபின் கிளையை நோக்குவார் யார்? இறைவன் திருவுருவும் திருப்பெயருமாகிய குறிகள் இத்தகையனவேயெனின், ஞானம் பெற்றவன் அவற்றைக் கைவிடுதலே முறையாய் முடியும். முதற்கண் கூறிய ஒரு திறத்தார் இந்நெறியிலேயே நிற்கின்றனர். தாம் நிற்பதனை அவர் அறிந்திலர்போலும்!

சித்தாந்தத்தும் பொதுவியல்பு, சிறப்பியல்பு என இருவகை இலக்கணம் உண்டு. ஐந்தொழிலை நோக்கி உருவும் பெயரும் உடையவனாய் நிற்றல் பொதுவியல்பு. அவற்றைக் கடந்து தன்னளவில் நிற்றல் சிறப்பியல்பு. முன்னையதனைத் தடத்தம் என்றும், பின்னையதனைச் சொரூபம் என்றும் வழங்குவர். ஆயின் தடத்த நிலையிலுள்ள திருமேனி எதனால் ஆயது என்பதிலேதான் நமக்கும் ஏகான்மவாதிகட்கும் உள்ள வேற்றுமை அடங்கியுள்ளது. உயிர்களுடைய உடம்பு மாயையால் ஆயது. இறைவனுக்கு உருவம் அருளே, குணங்கள் அருளே, செயல் அருளே, கையும் காலும் முதலிய உறுப்புக்களும் அருளே என்று அருணந்தி சிவாசாரியார் சித்தியாரில் விரித்துரைக்கின்றார். அருளாவது அவனது சத்தி. சத்திக்கும் சிவத்துக்கும் உள்ள தொடர்பு கதிருக்கும் ஞாயிற்றுக்கும் உள்ள தொடர்பு போன்றது. மரக்கிளைக்கும் நிலவுக்கும் உறவில்லை. நிலவின் கதிருக்கும் நிலவுக்கும் பிரிவில்லை. கிளையைப் பற்றி நிலவை அடைந்தார் ஒருவருமிலர். கதிரோ கண்ணில் வந்து படுகின்றது. நிலவைக் காட்டுவதும் அக்கதிரே. திருவுருவாகிய குறி இவ்வகையைச் சார்ந்தது.

இதனாலன்றோ பன்னிரண்டாஞ் சூத்திரம் அங்ஙனம் முடிந்தது! பதியின் சுட்டிறந்த நிலையையும், மலம் நீங்குமாற்றையும், திருவடிப் பேற்றையும் முறையே உணர்த்தி வந்த ஆசிரியர், ஈற்றிலே, ஞானம் பெற்றவன் அடியாருடைய திருவேடத்தையும் திருக்கோயிலையும் அரனாகவே கொண்டு தொழுவான் என்று முடித்தருளினார். அரனுக்கு அடையாளமாகக் கொண்டு தொழுவான் என்று அவர் கூறிற்றிலர். ஏனையிடங்களிற் பாலில் நெய்போல விளங்காது நிற்கும் இறைவன் இவ்விடங்களில் தயிரில் நெய்போல விளங்கி நிற்பன் என்று நூலோர் இதற்குக் காரணங் காட்டுவர். குறியைக் கைவிடற்குரியவன் எவனேனும் உளனாயின் அவன் ஞானியாதல் வேண்டும். அந்த ஞானிக்கே தொழுகை விதிக்கப்பட்டதாயின், கைவிடுதல் என்னும் பேச்சுக்கு இடமேது?

இதனை ஓர் உவமையில் வைத்து விளக்குவாம். நடைபயிலும் குழவியை நோக்கித் தாய் இரு கைகளையும் நீட்டி நிற்கின்றாள். நீட்டிய கை 'வா' என்னும் பொருளைத் தருகின்றது. அதனால் அது குறி. குழவி இரண்டடி நடந்து தள்ளாடி விழப்புகுங்கால், அந்தக் கையே அதனைத் தாங்கி எடுக்கின்றது. அதனால் அது பொருள். அழைத்த கை வேறு, எடுத்த கை வேறு ஆமோ? கையின் பொருளை உணர்ந்துகொண்டேன், இனிக் கை வேண்டா என்று குழவி கூறுமாயின், அஃது உணர்ந்தது யாது? சித்தாந்தங் கூறும் குறி, ஓவியம்போல வாளா காட்டிநிற்பதன்று. காட்டியபடியே செய்தும் முடிப்பது.

முப்புரமும் அதிகையும்

இங்ஙனமாயின், முப்புரமாவது மும்மலங்களின் காரியமே என்றும், அதனை அறியாதாரே ஊர்கள் மூன்றை எரித்தான் என்று மட்டும் கூறித் திரிவர் என்றும் திருமூலநாயனார் அருளியது என்னையெனின், கூறுதும். அத்திருமந்திரத்தை நம் குறிப்புவாதிகள் பெரிதும் பாராட்டுவர். ஆயின் அதனை முற்றும் நோக்கினாரல்லர். எரிக்கப்பட்டது யாது என்பதனையே நாயனார் திருத்தி உரைத்தார். எரித்தவன் யார் என்பதனை அவர் மாற்றினாரல்லர். எங்கோ பண்டு நிகழ்ந்ததென நாம் தூரத்தே வைத்த செயலை, இன்று நம் உள்ளத்தே நிகழ்வதாக அண்மையில் கொணர்ந்து வைத்தார். குறிப்புவாதிகளோ எரியுண்ட புரங்களோடு எரித்த இறைவனையும் ஒருங்கே குறிப்பாக்கிக் கரைத்துவிடுகின்றனர். மனத்தின் மாசு தானே தன்னை எரித்துக்கொள்ளுமோ?

முப்புரம் எரித்த வீரட்டமாகப் போற்றப்படுவது திருவதிகை. புறச்சமயஞ் சார்ந்திருந்த மருணீக்கியார் சூலைநோயால் வருந்தி, தமக்கையாரோடு போந்து அடைக்கலம் புகுந்த தலமும் அதுவே. ஆண்டுக் கோயில்கொண்ட பெருமானைப் புரமெரித்தவனாக அவர் பாடும்போது, அது பழங்கதையும் ஆகாது, வெற்றுருவகமும் ஆகாது. தம்முள் எரிந்தது யாதென்பதனை அவர் வயிறே அறியும். சொல்லியபடியே கொள்வார்க்கும் குறிப்பெனவே கொள்வார்க்கும் எட்டாத மூன்றாம் நிலை இது.

உண்மை விளக்கம் காட்டும் நெறி

அத்திருவதிகையிலே தோன்றியவர் உண்மை விளக்கம் அருளிய ஆசிரியர். மெய்கண்டார் மாணவருள் ஒருவராகிய அவரது திருப்பெயர் மனவாசகங் கடந்தார் என்பது. மனத்தையும் வாக்கையும் கடந்தவர் என்று பெயர் பெற்றவரே வாக்கினால் திருக்கூத்தின் பொருளை விளக்கினார் என்பது நம் ஆராய்ச்சிக்கு மிகவும் ஏற்புடையதாகும். வினாவும் விடையுமாக அமைந்து, ஐம்பதிற்குச் சற்று மேற்பட்ட வெண்பாக்களால் ஆகிய இச்சிறுநூல், கூத்தப்பெருமான் திருவுருவை ஒருமுறையன்றி நான்குமுறை விளக்குகின்றது. இதனைப் பலருங் கூர்ந்து நோக்குவதில்லை.

திருவைந்தெழுத்தில் சிகரம் சிவம், வகரம் திருவருள், யகரம் உயிர், நகரம் மறைப்பாற்றலாகிய திரோதம், மகரம் மலம் என்பது யாவரும் அறிந்தது. முதற்கண், அவ்வெழுத்துக்களே பெருமானது திருமேனி என்று கூறப்படுகின்றது. திருவடி நகரம், உதரம் மகரம், தோள் சிகரம், முகம் வகரம், முடி யகரம். அடுத்து, அவ்வெழுத்துக்கள் கைகளிலும் காலின்கீழும் வைத்துக் காட்டப்படுகின்றன. துடியேந்திய கை சிகரம். வீசிய கை வகரம். அஞ்சலென்று அமைத்த கை யகரம். அனலேந்திய கை நகரம். அடிக்கீழ்க் கிடக்கும் முயலகன் மகரம். மூன்றாவதாக, எழுத்துக்களை விடுத்து ஐந்தொழில் காட்டப்படுகின்றது. துடியிற் படைத்தலும், அமைத்த கையிற் காத்தலும், அனலில் அழித்தலும், ஊன்றிய திருவடியில் மறைத்தலும், தூக்கிய திருவடியில் அருளலும் அமையும். நான்காவதாக, உயிரினிடத்து நிகழும் விடுதலை கூறப்படுகின்றது. மாயையை உதறி, வினையைச் சுட்டு, ஆணவமலத்தை அடங்க அழுத்தி, அருளால் உயிரை எடுத்து, ஆனந்தக் கடலில் அழுந்தச் செய்தலே எந்தையாரது கூத்து என்பது அது. இவற்றுள் உதறுதலைத் துடிக்கும், சுடுதலை அனலுக்கும், அழுத்துதலை ஊன்றிய திருவடிக்கும் பொருத்திக் காண்பர்.

இந்நான்கினையும் ஒருங்கு வைத்து நோக்குமின். அனல் ஓரிடத்து மறைப்பாற்றல், ஓரிடத்து அழித்தல், ஓரிடத்து வினையைச் சுடுதல். மறைத்தற்றொழில் ஓரிடத்து அனலேந்திய கையிலும் மற்றோரிடத்து ஊன்றிய திருவடியிலும் நிற்கின்றது. உயிராகிய யகரம் ஓரிடத்து முடியிலும் மற்றோரிடத்துக் கையிலும் உள்ளது. ஒரே நூலில், அடுத்தடுத்த வெண்பாக்களில், ஒரே ஆசிரியர் இங்ஙனங் கூறினார். குறியென்பது அகராதியிற்போல ஒரு சொற்கு ஒரு பொருளென அமைவதாயின், இது மாறுகொளக் கூறலென்னுங் குற்றமாகும். ஆசிரியர்க்கு அக்குற்றம் ஏற்றுதல் யார்க்கும் உடன்பாடன்று. ஆகலின் இதன் கருத்தினை வேறு வகையால் ஆராய்தல் வேண்டும்.

நான்கும் நான்கு வினாக்கட்கு விடைகள். அவன் திருமேனி எதனாலாயது என்பார்க்கு முதல் விடை. அம்மேனியில் இறை, அருள், உயிர், திரோதம், மலம் ஆகியவை எங்கெங்கு நிற்கின்றன என்பார்க்கு இரண்டாம் விடை. உலகினிடத்து அவன் செய்வது யாது என்பார்க்கு மூன்றாம் விடை. என்னிடத்து அவன் செய்வது யாது என்பார்க்கு நான்காம் விடை. வினாக்கள் வெளியினின்றும் உள்ளே நெருங்கி வருதலைக் காண்க. எழுத்தில் தொடங்கி, உலகத்தின் வழியாக, வினவுகின்ற மாணவனது உயிரிலேயே வந்து முடிகின்றது. விடைகள் வேறாயினும், எல்லாவற்றினும் ஆடுபவன் ஒருவன். ஆடற்குக் காரணம் அருள் ஒன்று. குறியின் பொருள் பலவாய் விரிதற்குக் காரணம் அது தெளிவற்றதாதல் அன்று. அது உயிருள்ள ஒருவனது செயலாதல். தாயின் கை அழைத்தற்கும், உணவூட்டற்கும், கண்ணீர் துடைத்தற்கும் பயன்படுதல்போல.

இவ்விடத்து ஆசிரியர் இரண்டு எச்சரிக்கைகளும் செய்தருளினார். ஆங்காரம் அற்றவரே இவ்வாடலை அறிவர் என்பது ஒன்று. உரைக்கும் உணர்வுக்கும் எட்டாத ஒருவனே, மலைமகள் காணும்படி கருணையையே உருவாகக் கொண்டு ஆடுகின்றான் என்பது மற்றொன்று. எட்டாதவன் என்பதனையும், உருக்கொண்டான் என்பதனையும் ஒரே மூச்சிற் கூறியது காண்க. இரண்டில் ஒன்றை விடுத்து ஒன்றைக் கொள்வார் அக்கூத்தின் பாதியையே காண்பர்.

புதிய விளக்கங்கள்

இனி, இக்காலத்தார் செய்துவரும் விளக்கங்களை இவ்வுரைகல்லில் வைத்துப் பார்ப்பாம். கொழும்பிற் பிறந்து, கலையாராய்ச்சியாற் புகழ்பெற்ற ஆனந்த குமாரசுவாமி அவர்கள், சிவநடனத்தைப் பற்றிய தம் ஆங்கிலக் கட்டுரையை 1912-ஆம் ஆண்டில் 'சித்தாந்த தீபிகை'யில் வெளியிட்டார்கள். நல்லசாமிப் பிள்ளையவர்கள் 1897-இல் தொடங்கிய திங்களிதழ் அது. பின்னர் 1918-இல் நியூயார்க் நகரில் வெளிவந்த கட்டுரைத் தொகுதிக்கு அக்கட்டுரையே பெயர் தந்தது. மேனாட்டார் நம் திருவுருவங்களை விகாரமென இகழ்ந்துவந்த காலத்தில், திருமந்திரத்தையும் உண்மை விளக்கத்தையும் சான்றாகக் கொண்டு கூத்தின் பொருளை அவர்க்கு எடுத்துரைத்த அப்பெருமகனார்க்குச் சைவவுலகம் என்றுங் கடப்பாடுடையது. அண்டத்தின் இயக்கத்திற்கெல்லாம் மூலமாகிய விளையாட்டு என்றும், எண்ணிறந்த உயிர்களை மயக்கத்தினின்று விடுவித்தல் என்றும், ஆடும் அம்பலம் அகத்தே உள்ளதென்றும் கூத்தின் பொருளை அவர் மூன்றாகத் தொகுத்துக் கூறினார். இவற்றுள் உயிரின் விடுதலைக்கு இடம் உண்டு. ஆயினும் விளையாட்டு முன்னும், விடுதலை பின்னுமாக நிற்றல் கருதத்தக்கது. ஐந்தொழிலை இறைவனுக்கு விளையாட்டென்று கூறலாமெனினும், உயிர்கட்குப் போகமும் வீடும் வழங்கி மலங்களைத் துடைத்தற்பொருட்டே அவை நிகழ்கின்றன என்று சித்தியார் தெரித்துரைக்கும். கலைஞர்க்கு விளையாட்டு முன்னிற்கும். கட்டுண்டவர்க்கு விடுதலையே முன்னிற்கும். அக்கட்டுரையின் ஈற்றிலே அறிவியலும் சமயமும் கலையும் இவ்வுருவில் இணங்குதலை அவர் பாராட்டினார். பின்வந்தோர் பெரும்பாலும் அதனையே பற்றிக்கொண்டனர்.

1975-ஆம் ஆண்டில் காப்ரா என்னும் பௌதிக நூலறிஞர் 'தி டாவோ ஆவ் பிசிக்ஸ்' என்னும் தம் நூலில், அணுவினுள்ளே நுண்டுகள்கள் ஓவாது தோன்றி மறைதலைச் சிவநடனத்தோடு ஒப்பிட்டெழுதினார். 2004-ஆம் ஆண்டு ஜூன் 18-ஆம் நாள், செனீவா நகரையடுத்த ஐரோப்பிய அணுத்துகள் ஆராய்ச்சிக்கூடத்தில், இந்திய அரசினர் அன்பளிப்பாகிய நடராசர் திருவுருவம் திறந்துவைக்கப்பட்டது. அதன் உயரம் 2 மீட்டர். நம் பெருமானது திருவுருவம் பிறநாட்டு அறிஞரால் மதிக்கப்படுதல் கண்டு மகிழாதார் யார்? அவ்வொப்புமையில் அழகும் உண்டு. ஆயின், நம்மவருள்ளேயே பலர் அதனை எடுத்துக்கொண்டு, கூத்தின் மெய்ப்பொருள் இதுவே, ஆற்றலின் இயக்கத்தையே முன்னோர் உருவமாக வடித்தனர் என்று மேடைதோறும் முழங்குகின்றனர். இதனை மறுத்தல் நம் கடமையாகின்றது.

என்னையெனின், பௌதிக நூலார் கூறும் ஆற்றல் சடம். அது தன்னை அறியாது, பிறிதையும் அறியாது. தோன்றலும் மறைதலும் அதன் இயல்பாகலின், சித்தாந்த முறையில் அது மாயையின் காரியத்துள் அடங்கும். சிவத்தின் சத்தியோ சித்சத்தி; அறிவே வடிவானது. ஆற்றல் என்னும் சொல் ஒத்தலான் இரண்டும் ஒன்றெனல், ஆடுபவனை விடுத்து அரங்கின் பலகையை வணங்குதல் போலும். உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனில் கூத்தினை இரு கூறாக்கி, ஊன நடனம் ஒருபாலும், ஞான நடனம் ஒருபாலும் நிற்ப, உயிர் அவ்விரண்டற்கும் நடுவே உள்ளதென்று காட்டினார். நகர மகரங்களால் உயிரைப் பிறவியிற் செலுத்துவது ஊன நடனம். சிகர வகரங்களால் உயிரை வீட்டிற் செலுத்துவது ஞான நடனம். துகள்களின் தோற்ற ஒடுக்கத்தை எத்துணை நுட்பமாகக் கண்டாலும், கண்டது ஊன நடனத்தின் புறவாயிலேயாம். ஞான நடனம் அவ்வொப்புமையுள் யாண்டும் இல்லை. அதனினுங் குறை ஒன்றுண்டு. நடுவே நிற்கவேண்டிய யகரம், ஆகிய உயிர், அங்கே இல்லை. எவன்பொருட்டுக் கூத்து நிகழ்கின்றதோ அவனை அரங்கினின்றும் வெளியேற்றிவிட்டுக் கூத்தின் பொருளை உரைத்தல் என்ன விளக்கம்?

உண்மை விளக்கத்தின் இரண்டாம் பொருத்தத்தில் யகரம் நின்ற இடம் யாது? அஞ்சலென்று அமைத்த கை. உயிர் அக்கையிலே வைக்கப்பட்டுள்ளது. அதனைக் காணாத விளக்கம் எத்துணைப் பெரிய ஆராய்ச்சிக்கூடத்தின் வாயிலில் நின்று கூறப்படினும் நமக்குப் போதாது. ஆற்றலை நோக்கி ஒருவன் வியக்கலாம். அடைக்கலம் புகுதல் இயலாது.

விளக்கத்தை அளக்குமாறு

இவ்வாற்றால், சமயமொழிக்கு எவரேனும் உட்பொருள் கூறுமிடத்து நாம் வைத்துப் பார்க்கவேண்டிய அளவைகள் மூன்றெனப் புலப்படும். பதி, பசு, பாசம் என்னும் முப்பொருளும் அவ்விளக்கத்திற் குன்றாது நிற்கின்றனவா என்பது முதலாவது. செய்பவனாகிய இறைவன் செய்பவனாகவே நிற்கின்றானா, அன்றி வெறுங் கருத்தாய்க் கரைந்துவிடுகின்றானா என்பது இரண்டாவது. அவ்விளக்கத்தைக் கேட்டவன் திரும்பவும் திருமுன் சென்று தொழுகின்றானா, அன்றித் தொழுகையினின்றும் விடுபட்டுவிட்டதாக எண்ணுகின்றானா என்பது மூன்றாவது. திருமூலர் விளக்கமும், மனவாசகங் கடந்தார் விளக்கமும் இம்மூன்றினும் நிறைவுடையன. இக்காலத்து விளக்கங்களிற் பல முதலாவதிலேயே தவறுகின்றன. மூன்றாவதினை நினைப்பார் அரியர்.

சொல்லியபடியே கொள்ளல் வேண்டுமெனும் அன்பர்கட்கும் ஒன்று கூறுதும். உட்பொருள் உரைத்தலால் திருவுருவம் பொய்யாகிவிடுமென அவர் அஞ்சவேண்டா. தில்லைத் திருச்சபையிலே ஆடல்வல்லான் உருவத் திருமேனியாகவும், படிகலிங்கம் அருவுருவமாகவும், திரைக்குப் பின்னுள்ள இரகசியம் அருவமாகவும் ஒரே இடத்து விளங்குகின்றன. அருவம் உண்டென்பதால் உருவத்தை அங்கே யாரும் அகற்றினாரல்லர். உருவத்திற்கு நடைபெறும் பூசையால் அருவம் குறைபட்டதும் இல்லை. திரை விலகுங்காற் பொன்வில்வ மாலையையன்றி வேறொன்றுங் காணாதார், திரும்பிக் கூத்தனையே கண்ணாரக் காண்கின்றனர். நம் சமயமொழியின் இயல்பு முழுமையும் அச்சபையிலே கண்கூடாக அமைந்துளது.

இது வெறும் நூற்பூசல் அன்று. அச்சபையின் முன்னே, எழுத்தறியாத மூதாட்டி ஒருத்தி கண்ணீர் சொரிய நின்று, தூக்கிய திருவடியையே நோக்குகின்றாள் என்று கொள்வோம். உருவெல்லாம் வெறுங் குறிப்பென்பது உண்மையாயின், அவள் ஓர் உருவகத்தின் முன் அழுகின்ற பேதை. ஆற்றலின் இயக்கமே கூத்தென்பது உண்மையாயின், அவள் அழுகையைக் கேட்பார் ஒருவருமிலர். மெய்கண்டார் நெறி உண்மையாயின், அவள் நோக்கும் திருவடியிலேயே அருளல் நிகழ்கின்றது. அவள் உயிர் அஞ்சலென்ற கையிலே இருக்கின்றது. இம்மூன்றனுள் எதனைக் கொள்வது என்பதனைக் கற்றவர் தீர்மானிக்கின்றனர். அத்தீர்மானத்தின் பயனோ அவள் போன்றார்க்குச் சென்று சேர்கின்றது. ஆகலின் மேடையேறி விளக்கங் கூறுவார் இதனை நினைந்து கூறுவாராக.

காரைக்காலம்மையார் வினவிய வினாவிற்கு, நின் உருவம் இதுவென எழுதிய விடையொன்று எந்நூலினும் இல்லை. ஆயினும் பெருமான் அவரை விடையின்றி விட்டானல்லன். வினவியவரை அழைத்துத் தன் திருவடிக்கீழ் இருத்திக்கொண்டான். குறி தன் பொருளை உணர்த்தும் முறை அதுவே.

திருச்சிற்றம்பலம்